கண்டிப்பைக் கையாளுதல்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

மலேசியாவில் பாலிடெக்னிக், தொழிற்கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பயிலும் மாணவர்களில் பலர் தங்கள் படிப்பின் ஒரு கட்டத்தில் தொழிற்பயிற்சிக்குச் செல்கின்றனர். வகுப்பறையில் ஏட்டில் படித்ததை உண்மையான வேலையிடத்தில் செய்து பழகுவதே இப்பயிற்சியின் நோக்கமாகும். பயிற்சி முடிந்ததும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மாணவரைப் பற்றி மதிப்பீடு எழுதித் தருவார். அம்மதிப்பீடு மாணவரின் இறுதிப் புள்ளிகளில் சேர்க்கப்படும். ஆகவே, பயிற்சி மாணவரைப் பொறுத்தவரை மேற்பார்வையாளரின் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

தொடக்கத்தில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த மேலாளர், சில வாரங்கள் கழித்து எதற்கெடுத்தாலும் குறை கூறத் தொடங்கினால் மாணவர் என்ன செய்வார்? சிலர் பதில் பேசாமல் மனத்திற்குள் புழுங்குகின்றனர். சிலர் எதிர்த்துப் பேசிவிட்டுப் பின்னர் வருந்துகின்றனர். இன்னும் சிலர் யாரிடமும் சொல்லாமல் பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுகின்றனர். அவ்வாறு விட்டால் பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரலாம். பட்டயம் பெறுவதும் தள்ளிப்போகலாம். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. ‘இந்தத் துறைக்கு நான் தகுதியற்றவன்’ என்ற எண்ணம் இளம் வயதிலேயே மனத்தில் வேரூன்றிவிடும். எனவே, கண்டிப்பைக் கையாளத் தெரிவதும் தொழிலைக் கற்பதன் ஒரு பகுதியே ஆகும்.

கண்டிப்பு ஏன் கூடுகிறது?

மேலாளரின் கண்டிப்பு கூடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. முதலாவது, எதிர்பார்ப்பு உயர்வது. முதல் வாரத்தில் மாணவர் தவறு செய்தால் அது இயல்பு எனக் கருதப்படும். அதே தவறு எட்டாவது வாரத்திலும் தொடர்ந்தால் அது கவனக்குறைவு எனக் கருதப்படும். மாணவரின் வேலை மாறாமல் இருக்கலாம். ஆனால், அதை அளக்கும் அளவுகோல் மாறிவிட்டது.

இரண்டாவது, வேலைப் பளு. ஒவ்வொரு தொழிலுக்கும் நெருக்கடியான பருவம் ஒன்று உண்டு. தங்கும் விடுதிகளுக்குப் பள்ளி விடுமுறைக் காலம்; அடுமனைகளுக்குப் பெருநாள் காலம்; வரிக் கணக்கு அலுவலகங்களுக்கு ஆண்டின் முதல் நான்கு மாதங்கள். இக்காலங்களில் மேலாளருக்கும் மேலிருந்து அழுத்தம் வருகிறது. அது சில வேளைகளில் கீழுள்ளவர் மீது சொல்லாக இறங்குகிறது.

மூன்றாவது, கற்பிக்கும் திறன் குறைவு. நன்றாக வேலை செய்யத் தெரிந்த எல்லாருக்கும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கத் தெரியும் என்று கூற இயலாது. பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் கைவந்த கலையாக இருக்கும் ஒன்று, புதியவருக்கு ஏன் புரியவில்லை என்பது அவருக்கே விளங்காது.

காரணத்தை அறிந்துகொள்வது மேலாளரின் கடுஞ்சொல்லை நியாயப்படுத்துவதற்கு அன்று. நோயை அறிந்தால்தான் மருந்தைத் தேட முடியும் என்பதற்காகவே ஆகும்.

ஒரு கணக்கியல் அலுவலகத்தில்

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். கணக்கியல் பயிலும் பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி, ஜனவரி மாதம் சிறிய வரிக் கணக்கு அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்கிறாள் எனக் கொள்க. முதல் வாரங்களில் மேலாளர் அவளருகில் அமர்ந்து, பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவது முதல் கணக்கு மென்பொருளில் பதிவு செய்வது வரை பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். “தெரியாவிட்டால் கேளம்மா” என்று அடிக்கடி கூறினார்.

பிப்ரவரி பிறந்ததும் அலுவலகத்தின் போக்கு மாறியது. முதலாளிகள் தங்கள் ஊழியர்களுக்கு ‘ஈ.ஏ.’ படிவத்தைப் பிப்ரவரி மாத இறுதிக்குள் வழங்கியாக வேண்டும். மார்ச் 31ஆம் நாளுக்குள் முதலாளிகளுக்கான ‘ஈ’ படிவத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வணிக வருமானம் இல்லாத தனிநபர்களின் ‘பி.ஈ.’ படிவத்திற்கு ஏப்ரல் 30ஆம் நாள் இறுதி நாளாகும். நாள் தவறினால் வாடிக்கையாளர் தண்டம் கட்ட நேரிடும். கோப்புகள் மேசையில் மலைபோல் குவிந்தன. மேலாளரின் குரலும் உயர்ந்தது.

“இன்னுமா முடிக்கவில்லை?”, “இதைக்கூடவா ஒவ்வொரு முறையும் சொல்லித்தர வேண்டும்?” என்பன அன்றாடச் சொற்களாயின. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலைப் பதிவு செய்தபோது அவள் ரிம 4,370 என்பதை ரிம 4,730 எனப் பதித்துவிட்டாள். மொத்தத் தொகை ரிம 360 வேறுபட்டது. மேலாளர் அதனைக் கண்டதும், மற்ற ஊழியர்கள் முன்னிலையில், “உன் கவனம் வேலையில் இல்லை, கைப்பேசியில்தான் இருக்கிறது” என்று கடிந்துகொண்டார். அன்று காலை முதல் அவள் கைப்பேசியைத் தொடவே இல்லை.

அவள் அன்று மதிய உணவு உண்ணவில்லை. மாலையில் வீடு திரும்பியதும், “நாளை முதல் நான் போகப்போவதில்லை” என்று அம்மாவிடம் கூறி அழுதாள். அம்மா அவளைத் தேற்றினார். தங்கும் விடுதி ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்யும் அவளுடைய அக்காள், “நின்றுவிடுவதாக இருந்தால் நின்றுவிடு. ஆனால், அதற்கு முன் மேடம் சொன்னவற்றை ஒரு தாளில் எழுது. எது உண்மை, எது கோபம் என்று பிரித்துப் பார். பிறகு முடிவு செய்” என்றாள்.

சொல்லையும் பொருளையும் பிரித்தல்

கடுமையாகச் சொல்லப்படும் ஒன்றில் இரண்டு கூறுகள் இருக்கும். ஒன்று, வேலையைப் பற்றிய செய்தி. மற்றொன்று, அதைச் சொன்னவரின் மனநிலை. மனம் புண்பட்டிருக்கும்போது இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும். எழுதிப் பார்க்கும்போது அவை பிரிகின்றன. அந்த மாணவி எழுதிய குறிப்பு பின்வருமாறு அமைந்தது:

“இன்னுமா முடிக்கவில்லை?” – வேலையைப் பெற்றபோது எப்பொழுது முடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இனி, வேலையைப் பெறும்போதே நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்?” – ஒரே கேள்வியை இருமுறை கேட்டது உண்மை. கற்றுக்கொண்ட செய்முறைகளைக் குறிப்பேட்டில் படிப்படியாக எழுதிவைக்க வேண்டும்.

“உன் கவனம் வேலையில் இல்லை.” – எண்களில் தவறு நேர்ந்தது உண்மை. கோப்பை ஒப்படைக்கும் முன் மொத்தத் தொகையைச் சரிபார்க்க வேண்டும்.

“கைப்பேசியில்தான் இருக்கிறது.” – இஃது உண்மையன்று. இதை ஏற்க வேண்டியதில்லை. தக்க நேரத்தில் பணிவாக எடுத்துரைக்க வேண்டும்.

நான்கு கூற்றுகளில் மூன்று, அவள் திருத்திக்கொள்ளக் கூடியவை. ஒன்று மட்டுமே அடிப்படையற்றது. அந்த ஒன்று தந்த வலி, மற்ற மூன்றையும் அவள் கண்ணிலிருந்து மறைத்திருந்தது. இதன்பின் பயிற்சியைத் தொடர்வதென்று அவள் முடிவு செய்தாள்.

முதலில் திருத்தம், பின்னர் பேச்சு

மறுநாள் அவள் மூத்த ஊழியர் ஒருவரிடம், “அந்தத் தவறை மேடம் எப்படி இவ்வளவு விரைவாகக் கண்டுபிடித்தார், அண்ணா?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே ஓர் எளிய வழியைக் கூறினார். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால், சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வேறுபாடு எப்பொழுதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். 4,730இலிருந்து 4,370ஐக் கழித்தால் 360. அதை 9ஆல் வகுத்தால் 40. எனவே, கணக்கில் வரும் வேறுபாடு 9ஆல் வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என முதலில் ஐயுற வேண்டும். வேறு தவறாலும் அவ்வாறு வரலாம் என்றாலும், தேடலை எங்கே தொடங்குவது என்பதை இது காட்டிவிடும்.

அவள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அன்று முதல் ஒவ்வொரு கோப்பையும் ஒப்படைக்கும் முன் இருமுறை கூட்டிப் பார்த்தாள். வேலை சற்று மெதுவாகவே நடந்தது. ஆனால், திரும்பி வரும் கோப்புகள் குறைந்தன. தன் பக்கத்துக் குறையைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியபின் பேசுபவரின் சொல்லுக்கு வலிமை மிகுதி.

பேசுவதற்கு நேரமும் இடமும் முக்கியம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. கண்டிக்கப்பட்ட அந்த நொடியில் பதில் கூறினால் இரு தரப்பிலும் ஆத்திரமே மிஞ்சும். இறுதி நாள் நெருங்கும் வேளையும் பேச்சுக்கு ஏற்றதன்று. அவள் மார்ச் 31ஆம் நாள் கடக்கும்வரை காத்திருந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் மேலாளரை அணுகினாள்.

“மேடம், என் வேலையைப் பற்றி உங்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். இன்று எப்பொழுது வரலாம்?”

அறையில் அமர்ந்ததும் அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து வைத்தாள்.

“போன மாதம் எண்களில் தவறு செய்தேன், மேடம். இப்பொழுது இருமுறை சரிபார்த்த பிறகே கோப்பைத் தருகிறேன். இன்னும் எதில் நான் முன்னேற வேண்டும் என்று சொன்னால் எழுதிக்கொள்வேன்.”

மேலாளர் சற்று வியப்புடன் அவளைப் பார்த்தார். “ஜனவரியில் செய்த அதே வேலையை ஏப்ரலிலும் செய்துகொண்டிருந்தால் எப்படியம்மா? நான் சொல்வதற்கு முன்பே அடுத்த கோப்பை எடுக்க வேண்டும். ஒரு படிவம் தாமதமானால் வாடிக்கையாளர் என்னைத்தான் கேட்பார்” என்றார்.

“சரி, மேடம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று நான் கைப்பேசியைத் தொடவில்லை. எல்லார் முன்னிலையிலும் அப்படிக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பதற்றத்தில் மேலும் தவறு செய்கிறேன். தவறைத் தனியே அழைத்துச் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.”

மேலாளர் சிறிது நேரம் பேசவில்லை. “கைப்பேசி பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால், அவசரமான வேலையென்றால் அங்கேயே சொல்வேன், அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கால் மணி நேரம் அவ்வார வேலையைப் பற்றிப் பேசுவது என்று இருவரும் முடிவு செய்தனர்.

அதன்பின் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகளில் மேலாளருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஏப்ரல் இறுதியில் அவருடைய குரல் மீண்டும் உயர்ந்தது. ஆயினும், தன் வேலையில் எது சரி, எது தவறு என்பது இப்பொழுது மாணவிக்குத் தெளிவாகத் தெரிந்தது. மே மாதத்தில் பயிற்சியை முடித்தபோது அவளுக்கு மிக உயர்ந்த மதிப்பீடு கிடைக்கவில்லை. நல்ல மதிப்பீடே கிடைத்தது. ‘கேட்டுக் கற்பவர்’ என்று மேலாளர் அதில் எழுதியிருந்தார்.

விரிவுரையாளரின் துணை

பயிற்சி மாணவர் நிறுவனத்தில் இருந்தாலும் அவர் கல்லூரியின் மாணவரே ஆவார். பயிற்சியைக் கண்காணிக்கக் கல்லூரி ஒரு விரிவுரையாளரை நியமிக்கிறது. மாணவர் செய்யும் வேலையைப் பதிவேட்டில் எழுதி வரவும் பணிக்கிறது. இவை வெறும் சடங்குகள் அல்ல; சிக்கல் நேரும்போது உதவும் கருவிகள்.

விரிவுரையாளரிடம் முறையிடும்போது, “மேலாளர் எப்பொழுதும் திட்டுகிறார்” என்று பொதுவாகக் கூறினால் அவரால் அதிகம் செய்ய இயலாது. எந்த நாளில், என்ன வேலை தொடர்பாக, என்ன சொல்லப்பட்டது, அதற்கு மாணவர் என்ன செய்தார் என்பனவற்றை நிரலாகக் கூறினால், அவர் நிறுவனத்துடன் பேச வழி பிறக்கும். கண்டிப்பு தொடங்கிய நாளிலேயே குறிப்பு எழுதும் பழக்கம் இதற்குத் துணை புரியும்.

எல்லை எங்கே?

கண்டிப்பு அனைத்தும் தீயதன்று. தவறு கண்டால் இடித்துரைத்துத் திருத்தும் பெரியோரின் துணை ஒருவருக்குத் தேவை என்பதைத் திருக்குறளின் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் 45ஆவது அதிகாரம் வலியுறுத்துகிறது. ஆனால், இடித்துரைப்பதற்கும் இழிவுபடுத்துவதற்கும் இடையே ஓர் எல்லைக்கோடு உண்டு.

“இந்தக் கணக்கு தவறு, மீண்டும் செய்” என்பது வேலையைப் பற்றியது. ஒருவரின் இனம், நிறம், உடல், குடும்பம் ஆகியவற்றைக் கேலி செய்வது வேலையைப் பற்றியதன்று. “சொன்னதைச் செய்யாவிட்டால் உன்னைத் தேர்ச்சியடைய விடமாட்டேன்” என்று மிரட்டி, சொந்த வேலைகளைச் செய்யச் சொல்வது பயிற்சியன்று. பொருளை வீசுவது, கை ஓங்குவது, பாலியல் நோக்கில் பேசுவது அல்லது தொடுவது ஆகியவற்றை ஒருபோதும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய நிலையில், ‘தக்க நேரம் பார்த்து மேலாளரிடம் பேசலாம்’ என்று காத்திருக்க வேண்டியதில்லை. உடனே பெற்றோரிடமும் விரிவுரையாளரிடமும் தெரிவிக்க வேண்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின்கீழ், பாதிக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தில் புகார் செய்யலாம். 2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, மிரட்டும் அல்லது இழிவுபடுத்தும் சொற்களாலும் செயல்களாலும் ஒருவருக்குத் துன்பமோ அச்சமோ ஏற்படுத்தும் பகடிவதை குற்றமாகும்.

மனநலத்தையும் மறந்துவிடலாகாது. தூக்கம் கெடுவது, உணவு வெறுப்பது, காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடப்பது ஆகியவை நாள்தோறும் தொடர்ந்தால் உதவி நாட வேண்டும். குடும்பத்தார், நண்பர், கல்லூரியின் ஆலோசகர் ஆகியோரிடம் மனம்விட்டுப் பேசலாம். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ 15555 என்னும் தொலைபேசிச் சேவையையும் நாடலாம். உதவி கேட்பது கோழைத்தனம் ஆகாது.

தொழிற்பயிற்சி சில மாதங்களில் முடிந்துவிடும். ஆனால், பணி வாழ்க்கையில் கண்டிப்பான மேலாளர்களை ஒருவர் மீண்டும் மீண்டும் சந்திக்க நேரலாம். கேட்டதில் உண்மையை எடுத்துக்கொள்ளவும், உண்மையல்லாததைப் பணிவுடன் மறுக்கவும், எல்லை மீறினால் துணிவுடன் முறையிடவும் பழகிய மாணவர் எந்த வேலையிடத்திற்கும் தலைநிமிர்ந்து செல்வார்.

சொற்பொருள்

புழுங்குதல் – மனத்திற்குள் வெந்து வருந்துதல்
பளு – சுமை
தண்டம் – அபராதம்
கடிந்துகொள்ளுதல் – கோபித்துப் பேசுதல்
ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
நிரலாக – வரிசையாக
இடித்துரைத்தல் – தவறைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தல்
பகடிவதை – ஒருவரைக் கேலி, மிரட்டல் முதலியவற்றால் துன்புறுத்துதல்

கருத்துணர் கேள்விகள்

1. மேலாளரின் கண்டிப்பு கூடுவதற்கான மூன்று காரணங்கள் யாவை?
2. ‘மாணவரின் வேலை மாறாமல் இருக்கலாம்; ஆனால், அதை அளக்கும் அளவுகோல் மாறிவிட்டது’ – இக்கூற்றின் பொருளை விளக்குக.
3. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வரிக் கணக்கு அலுவலகத்தில் வேலைப் பளு மிகுவது ஏன்?
4. மாணவி மேலாளரிடம் பேசுவதற்கு ஏப்ரல் முதல் வாரம்வரை காத்திருந்தது சரியா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. ரிம 5,820 என்பதை ஒருவர் ரிம 5,280 எனப் பதிவு செய்தார். கட்டுரையில் கூறப்பட்ட வழியைப் பயன்படுத்தி இத்தவற்றைக் கண்டறியும் முறையை விளக்குக.
6. கண்டிப்புக்கும் பகடிவதைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.
7. நீர் தொழிற்பயிற்சிக்குச் சென்ற இடத்தில், செய்யாத தவற்றுக்காகக் கண்டிக்கப்பட்டீர் எனக் கொள்க. உமக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக.